அபராதம் கட்டினால் போதை தெளியுமா?

பொழுது புலருமுன்னே, பத்தமடையிலிருந்து சேரன்மகாதேவிக்கு வரும் சாலையில் நின்று பாருங்கள், தோழர்களே! நடவுக்குப் போகும் தாய்மார்கள், பால் கேனைச் சைக்கிளில் கட்டிய பெரியவர், முதல் பஸ்ஸுக்கு விரையும் தொழிலாளி – ஓரமாய்த்தான் போகிறார்கள். அவர்களை உரசிக்கொண்டு லாரி பாய்கிறது, கார் பறக்கிறது. ஓட்டுகிறவன் தெளிவோடு இருக்கிறானா, இரவு குடித்த மயக்கம் தீராமல் இருக்கிறானா? அறிய வழியில்லை. நம்பி நடக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்குக் காவல் எது என்று கேட்கிறோம்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 185-வது பிரிவு. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019-ல் தண்டனையைக் கூட்டினார்கள். முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை 15,000 ரூபாய்; சிறை இரண்டாண்டு வரை.

பங்களாக்காரனுக்குப் பத்தாயிரம் ஒருநாள் விருந்துச் செலவு! கட்டிவிட்டு, அதே காரில் ஏறுகிறான். லாரி டிரைவருக்கோ அது பிள்ளைகளின் பள்ளிச் செலவு. உரிமமும் பறிபோனால் அடுப்பில் பூனை உறங்கும். பந்தியில் பேதம் ஆகாது என்று 1920-களில் தமிழகம் கொதித்தெழுந்தது இந்தச் சேரன்மகாதேவியின் குருகுலத்தை எதிர்த்துத்தான். தண்டனையில் மட்டும் பேதம் தகுமா?

பணத்துக்கு மயங்காத காவல்காரன் ஒருவன் உண்டு. வண்டியில் பொருத்தும் சிறு கருவி. குழாயில் ஊத வேண்டும்; மூச்சில் மது தெரிந்தால் எஞ்சின் கிளம்பாது. வேறொருவனை ஊதச் சொல்லி ஏமாற்றலாமே? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள்: ஓடும்போதே இடையிடையே மறுபடி ஊதச் சொல்லும், எல்லாவற்றையும் பதிந்து வைக்கும். அமெரிக்காவில் கலிபோர்னியா 1986-லேயே இதற்குச் சட்டம் கண்டது. நியூ மெக்சிகோ 2005-ல், முதல்முறை தண்டிக்கப்பட்டவருக்கும் கட்டாயமாக்கியது. பிரான்சில் 2015 முதல் பயணிகள் பேருந்துகளில் இது உண்டு. நம் 185-வது பிரிவிலோ இதற்கு ஒரு வரிகூட இல்லை!

இந்தப் பூட்டு குடியைத்தான் தடுக்கிறது, பிழைப்பைத் தடுப்பதில்லை. தெளிவோடு வருகிறவன் தாராளமாக ஓட்டலாம், கூலி வாங்கலாம். உழைப்பாளிக்கு இதைவிட நல்ல தண்டனை உண்டா?

ஆனால், கருவிக்குப் பணம் யார் தருவது? லாரி முதலாளி தன் வண்டிக்குத் தர வேண்டும். ஏழைக்குச் சர்க்கார் உதவ வேண்டும். நியூ மெக்சிகோ அதற்கென்றே நிதி வைத்திருக்கிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்வோம்: கருவியைக் கழற்றியதும் பலர் பழைய வழிக்கே திரும்புகிறார்கள் என்று வெளிநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே பூட்டோடு மருத்துவமும் வேண்டும்.

இங்கே ஒரு குத்தல் கேள்வி எழும். 2003 முதல் சில்லறைக் கடையை நடத்துவதே சர்க்கார். விற்கும் கையே பிடிக்கும் கையா? நியாயமான கேள்வி. எந்தக் கட்சி ஆண்டாலும் கல்லாவில் விழுந்த பணம் அது. நெடுஞ்சாலையோரக் கடைகளை விலக்கச் சொல்லி 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை நாம் காத்திருந்தது பெருமையல்ல. அந்த வருவாயில் ஒரு பங்கை இந்தக் கருவிக்கும், குடியை மறக்க வைக்கும் மருத்துவத்துக்கும் ஒதுக்கினால், பழி கொஞ்சமாவது கழியும்.

டில்லி கண் திறக்கட்டும் என்று கைகட்டி நிற்கத் தேவையில்லை. மோட்டார் வாகனம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மாநிலம் திருத்தம் இயற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கோரலாம். லாரி, பஸ், பள்ளி வண்டி, மறுமுறை பிடிபட்டவன் – இங்கே தொடங்கட்டும்.

தோழர்களே, அதுவரை நாமே பூட்டாவோம். குடித்த நண்பன் சாவியை எடுத்தால், பிடுங்கி வையுங்கள். இன்றிரவு ஏசுவான், நாளைக் காலை அவன் வீட்டார் வாழ்த்துவார்கள்!