ஏமாந்த வாயிற்காப்போன்

ஆம்பூர் என்றதும் நேயர்களுக்குப் பிரியாணியின் மணம் நினைவுக்கு வரும். அவ்வூருக்கு இன்னொரு மணமும் உண்டு. அதைப் பற்றிப் பேசுவது அவ்வளவு ருசிகரமான காரியமன்று. ஆயினும் இவ்வாரம் பேசத்தான் வேண்டியிருக்கிறது.

முற்காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டியில் வாரக்கணக்காகக் கிடந்து பதமாகிய தோல், பின்னர் குரோமிய உப்பினால் வெகு விரைவில் பதமாகத் தொடங்கியது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு எரிவது இத்தொழிலால்தான். ஆகவே தொழிலைத் தூற்றுவது நமது நோக்கமன்று. குரோமியம் போடும் இரண்டு வேஷங்களை எடுத்துக் காட்டவே விரும்புகிறோம்.

நமது தேகம் கோடானுகோடி ஜீவ அணுக்களால் ஆனது. ஒவ்வோர் அணுவுக்கும் மெல்லிய கொழுப்புச் சவ்வே மதில். பத்து லட்சம் சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அரை அங்குலம் தேறாது! ரத்த அணுக்களின் கொழுப்பைப் பிரித்து நீரின்மேல் பரப்பிய கார்ட்டர், கிரெண்டல் என்னும் ஹாலந்து தேசத்து விஞ்ஞானிகள், இம்மதில் இரண்டு அடுக்குகளால் ஆனது என்று 1925-ல் அறிவித்தார்கள்.

உப்புகள் இம்மதிலை எளிதில் ஊடுருவ மாட்டா. அவற்றுக்கெனப் புரதத்தால் ஆன வாயில்கள் உண்டு. ஸோடியத்துக்கு ஒன்று, பொட்டாஸியத்துக்கு ஒன்று, ஸல்பேட்டு போன்றவற்றுக்கு வேறொன்று. இத்தகைய வாயில் ஒன்று திறந்து மூடுவதை மின்கருவியால் 1976-ல் அளந்து காட்டிய ஜெர்மானியர்களான நேஹர், ஸாக்மான் இருவரும் 1991-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

தோல் தொட்டியில் இடும் குரோமியத்துக்கு இவ்வாயில்கள் லேசில் திறப்பதில்லை. ஆனால் அதே உலோகம் குரோமேட்டு என்னும் வேஷம் பூண்டால், உருவத்தில் ஸல்பேட்டை ஒத்துவிடுகிறது. வாயிற்காப்போன் ஏமாந்து வழி விடுகிறான்! உள்ளே நுழைந்ததும் வேஷம் கலைந்து பழைய குரோமியமாகிறது. அப்போது அணுவின் மரபுப் பொருளையும் சிதைக்கிறது. புற்றுநோய்க்கு இது காரணமென்பது ஐயமற நிரூபிக்கப்பட்ட விஷயம். புகுந்தது சுலபமாக வெளியேறுவதுமில்லை. இக்குணத்தையே பயன்படுத்தி, கதிர்வீசும் குரோமேட்டைத் துளியளவு சேர்த்து ரத்த அணுக்களுக்கு அடையாளமிடும் முறையை கிரே, ஸ்டெர்லிங் என்போர் 1950-ல் வெளியிட்டார்கள். வைத்தியர் கையில் அது கருவி. கிணற்று நீரில் அது நஞ்சு.

ராணிப்பேட்டையில் குரோமிய உப்புகள் செய்துவந்த ஆலையொன்று மூடப்பட்டபோது, இவ்வகை நஞ்சு கலந்த கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்தது. மழை பெய்தால் அது எங்கே போகும் என்பதை நேயர்களே ஊகிக்கலாம். பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்த வழக்கில், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் எந்தக் கிணறு கெட்டது என்று குடம் எடுத்துச் செல்லும் பெண்மணி அறிவது எப்படி? குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் ஆகாது என்பது இந்திய நிர்ணயம். அந்த அளவைக் கண்ணும் காணாது, நாக்கும் உணராது. தண்ணீர் மஞ்சளாகத் தெரியும்போது வரம்பு பன்மடங்கு மீறப்பட்டிருக்கும்.

இங்கேதான் விஞ்ஞானம் கைகொடுக்க வேண்டும். சிலவகை நுண்கிருமிகள் குரோமேட்டு நுழைந்ததுமே விழித்துக்கொண்டு அதை வெளியேற்ற முற்படுகின்றன. அவற்றின் எச்சரிக்கை விசையை ஒளிவிடும் குணத்தோடு இணைத்து, நஞ்சு கண்டால் மினுக்கும் உயிர் உணரிகளை ஆராய்ச்சிசாலைகளில் செய்திருக்கிறார்கள். அவை கிராமத்துக்கு வரும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. குரோமேட்டைக் கண்டால் ஊதாவாக மாறும் ரஸாயனச் சோதனை நெடுங்காலமாக உள்ளது. தக்க ஆசிரியர் மேற்பார்வையில் பள்ளி மாணவரும் செய்யக்கூடியது.

பாலாற்றங்கரையில் ஒவ்வொரு பொதுக்கிணற்றின் சோதனை முடிவையும் பஞ்சாயத்துச் சுவரில், ஊரார் படிக்கும்படி எழுதி வைக்கட்டும். சவ்வின் வாயிற்காப்போனுக்குக் கண் இல்லை. அவன் ஏமாந்ததை மன்னிக்கலாம். கண்ணும் கல்வியும் உள்ள நாம் ஏமாந்தால் யார் மன்னிப்பார்கள்?