மொட்டை மலை அல்ல, புல் மலை!

பொன்முடிக்குப் போகும் சாலையிலுள்ள வித்துராவில் நான் குடியேறி 20 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஊரிலிருந்து உறவினர் யார் வந்தாலும் அவர்களைப் பொன்முடிக்கு அழைத்துச் செல்வது என் வேலையாகிவிட்டது. கல்லாற்றைக் கடந்து, 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் வண்டியை விட்டு இறங்கியதும் எல்லோரும் முதலில் சொல்வது, “ஆகா, என்ன காற்று!” அடுத்துக் கேட்பது, “வழியெல்லாம் இத்தனை காடு இருக்கிறதே, உச்சி மட்டும் ஏன் மொட்டையாகக் கிடக்கிறது? மரத்தையெல்லாம் யார் வெட்டினார்கள்?”

பல ஆண்டுகள் நானும், “வேறு யார், மனிதன்தான்!” என்று பதில் சொல்லிப் பெருமூச்சு விட்டிருக்கிறேன். அந்தப் பதில் எவ்வளவு அவசரமானது என்பது பிறகுதான் புரிந்தது.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. நம் சங்கத்தின் அண்மைக் கூட்டம் ஒன்றில், ஆண்டு விழாவையொட்டி மலை உச்சிப் புல்வெளியில் 1,000 மரக்கன்றுகள் நட அனுமதி கேட்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஒருவன் மட்டும் வேண்டாம் என்றேன். “மரம் நடுவதைப் போய் வேண்டாம் என்கிறீர்களே அண்ணாச்சி! நீங்களா இப்படிப் பேசுவது?” என்று ஒரு தம்பி வருத்தத்துடன் கேட்டார். அவருக்கு அன்று ஐந்து நிமிடத்தில் விளக்க முடியவில்லை. அந்த விளக்கத்தை இங்கே தருகிறேன்.

ஒரு மலையில் புல் இருந்தால், அங்கே முன்பு காடு இருந்து அழிந்திருக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். இதை நிச்சயப்படுத்த வேண்டுமானால் சாட்சி வேண்டும். கல்வெட்டோ வெள்ளைக்காரரின் குறிப்போ போதாது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த சாட்சி வேண்டும். அப்படி ஒரு சாட்சி உண்டு. அதுதான் மகரந்தத் தூள்.

பூக்களிலிருந்து காற்றில் பறக்கும் மகரந்தத்தில் ஒவ்வொரு மணியும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரைதான் இருக்கும். ஆனால் அதன் மேலோடு மிகவும் உறுதியானது. அமிலத்தில் கொதிக்க வைத்தாலும் கரையாது. காற்றுப் புகாத சேற்றில் விழுந்துவிட்டால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அப்படியே கிடக்கும். அந்த ஓட்டின் வடிவமும் துளைகளும் தாவரத்துக்குத் தாவரம் வேறுபடும். சேற்றில் குழாயை இறக்கி, அடுக்குக் குலையாமல் எடுத்து, ஒவ்வொரு அடுக்கிலும் எந்த மகரந்தம் எத்தனை என்று நுண்ணோக்கியில் எண்ணினால், அந்தந்தக் காலத்தில் சுற்றிலும் என்ன வளர்ந்தது என்று அறியலாம். அடுக்கின் வயதைக் கதிரியக்கக் கரியைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். அடுக்கடுக்காக மகரந்தத்தை எண்ணும் வழியை ஸ்வீடன் நாட்டு அறிஞர் லென்னார்ட் ஃபான் போஸ்ட் 1916-ல் உலகுக்குக் காட்டினார்.

மலைக்கு மகரந்தம் போலக் கடலுக்கும் சாட்சிகள் உண்டு. ஃபொராமினிஃபெரா என்னும் மிகச் சிறிய கடலுயிர்களின் ஓடுகள் கடலடிச் சேற்றில் படிந்து, பழைய கடல்நீரின் வெப்பத்தையும் பருவக்காற்றின் வலிமையையும் சொல்கின்றன. இன்றைய கரையைவிட்டு விலகிய இடத்துச் சேற்றில் அலையாத்தி மரங்களின் மகரந்தம் மிகுந்திருந்தால், ஒரு காலத்தில் கடல் விளிம்பு அதன் அருகே இருந்தது என்று அறிகிறோம்.

நம் தென்னாட்டு மலைகளில் இந்தச் சாட்சியை விசாரித்த இடம் நீலகிரி. அங்கும் உச்சியில் புல்வெளி, மடிப்புகளில் சோலைக்காடு. அதோடு, புல்லும் இலையும் முழுதும் மக்காமல் கருஞ்சேறாகப் படிந்த ஈரப் பள்ளங்கள் அங்கே உள்ளன. அந்தப் புல்வெளி இயற்கையா, மனிதன் செய்ததா என்னும் வழக்கும் பழையது. 1938-ல் வனத்துறை அதிகாரி சி. ஆர். ரங்கநாதன், புல்வெளி இயற்கையானது, திறந்த வெளியில் விழும் உறைபனியே சோலை மரக்கன்றுகளைத் தடுக்கிறது என்று எழுதினார். என். எல். போர் அதை மறுத்து, காடு அழிந்ததால் வந்த புல்தான் என்றார். இருவரும் அறிஞர்களே, ஆனால் இருவர் கையிலும் பழங்காலச் சாட்சி இல்லை.

அந்தச் சாட்சி பின்னாளில் கிடைத்ததில் தமிழர்களின் பங்கு பெரியது. 1955-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் மகரந்த ஆய்வை வளர்த்தவர் கணபதி தணிகைமணி. ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி இல்லாமல் எந்த மகரந்தத்தையும் அடையாளம் சொல்ல முடியாது அல்லவா? அவர் பெயரால் விளங்கும் அங்குள்ள மகரந்தத் தொகுப்பில் 20,000-க்கும் மேற்பட்ட கண்ணாடிச் சில்லுகள் உள்ளன. 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் பயணியாக இருந்த அவர் உயிரிழந்தார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

அதே நிறுவனத்தின் ஜி. வசந்தி, நீலகிரியில் சாண்டிநல்லா பள்ளத்துச் சேற்றின் மகரந்தத்தை ஆராய்ந்து 1988-ல் வெளியிட்டார். புல்லின் மகரந்தம் மேலடுக்கில் மட்டும் இருக்கவில்லை. பனியுகக் காலத்து ஆழம் வரை இருந்தது. ஆனால் மகரந்தத்துக்கு ஒரு குறை உண்டு. எல்லாப் புல்லின் மகரந்தமும் ஒற்றைத் துளையுள்ள உருண்டைதான்; எந்தப் புல் என்று பிரித்துச் சொல்வது கடினம். இந்தக் குறையை வேறொரு சோதனை ஈடு செய்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் ஆர். ரமேஷ் முதலியோரும் நீலகிரிக் கருஞ்சேற்றிலுள்ள கரியின் வகையை அளந்து 1993-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மரங்களும் வெப்பநாட்டுப் புற்களும் காற்றிலிருந்து கரியைச் சேர்க்கும் முறை வேறு என்பதால் இது முடிகிறது. பனியுகத்தின் உச்சத்தில், அதாவது சுமார் 20,000 முதல் 18,000 ஆண்டுகளுக்கு முன், மலை வறண்டு புல் மிகுந்திருந்தது. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்து ஈரம் பெருகியது. 5,000 முதல் 2,000 ஆண்டுகளுக்கு முன்வரை மீண்டும் வறட்சி.

தென்னிந்தியாவில் உழவு தோன்றியே சுமார் 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அப்படியானால் 20,000 ஆண்டுகளுக்கு முன் அந்த மலையில் காட்டை வெட்டிப் புல்லாக்கியது யார்? யாரும் இல்லை! பிற்காலத்தில் மனிதன் வைத்த தீயும் மேய்த்த எருமையும் புல்லுக்குத் துணை செய்திருக்கலாம். ஆனால் புல்லைக் கொண்டுவந்தவன் மனிதன் அல்லன்.

நாம் என்ன செய்தோம்? 1840-களிலிருந்தே ஆஸ்திரேலியக் கற்பூர மரமும் சீகை மரமும் நீலகிரிக்கு வந்தன. சுதந்திரத்துக்குப் பின்னும், தரிசு என்று பெயரிட்டுப் புல்வெளிகளில் அவற்றைப் பரப்பினோம். பழனி மலையில் 40 ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று 2018-ல் வெளியான ஆய்வு காட்டுகிறது. நீலகிரியில் கிளன்மார்கனில் புல்வெளியில் கற்பூர மரம் வளர்த்து அளந்து பார்த்தபோது, முதல் பத்தாண்டுகளில் ஓடைக்கு வரும் நீர் சுமார் 16 விழுக்காடு குறைந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிக்கும், தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டுக்கும் இந்தப் புல்வெளிதான் வீடு. பொன்முடிக்கு அருகே ஒரு சிகரத்துக்கே வரையாட்டுமொட்டை என்று பெயர் இருப்பதை நண்பர்கள் நினைவில் கொள்ள வேண்டும். ‘மொட்டை’ என்று அழைத்த பழைய மக்கள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அங்கே ஆடு மேய்கிறது என்றும் சேர்த்தே சொன்னார்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நீலகிரியின் தீர்ப்பைப் பொன்முடிக்கு அப்படியே ஒட்டிவிட முடியாது. நீலகிரியின் உயரமும் உறைபனியும் இங்கே இல்லை. இங்கே தோட்டம் போட்டவர்களும் தீ வைத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். ஆனால் சாட்சியைக் கேட்காமல் தீர்ப்பு எழுதக்கூடாது என்பது இரு மலைக்கும் பொது. நட்ட மரம் தவறானால் அதைப் பிடுங்கிப் பழைய புல்லைக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பதை, சீகையை அகற்றப் பாடுபடும் நீலகிரிக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

ஆகவே, கூட்டத்தில் கேட்ட தம்பிக்கும் மற்ற அன்பர்களுக்கும் என் வேண்டுகோள் இவைதான். ஆயிரம் கன்றுகளையும் நடுவோம். ஆனால் மலை உச்சியில் வேண்டாம். நம் வீட்டு முற்றங்களிலும், பள்ளி வளாகங்களிலும், வெயிலில் காயும் பேருந்து நிறுத்தங்களிலும் நடுவோம். மலைக்கு நம் பிள்ளைகளைப் புல்லைப் பார்க்க அழைத்துச் செல்வோம். வித்துராவிலேயே இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. ஆண்டு விழாவில் பட்டிமன்றத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தைக் குறைத்து, அங்கிருந்து ஒருவரை அழைத்து, இவற்றை நமக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லச் சொன்னால் என்ன?

அடுத்த முறை என் உறவினர் யாராவது பொன்முடியில் நின்று, “மரத்தையெல்லாம் யார் வெட்டினார்கள்?” என்று கேட்டால், “முதலில் இங்கே மரம் இருந்ததா என்று கேளுங்கள்” என்றுதான் சொல்லப் போகிறேன். அன்பர்கள் சிந்திக்க வேண்டுகிறேன்.