கண்ணாடித் தொட்டியில் கடற்சாமந்தி: யாருக்குப் பாதுகாப்பு?

கடந்த ஒரு மாதத்தில் மூன்று நண்பர்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டனர்: "வீட்டு உப்புநீர்த் தொட்டியில் கடற்சாமந்தியைப் பாதுகாப்பாக வளர்ப்பது எப்படி?" மூவரும் ஆய்வுலகத்தினர், மூவரும் பெங்களூரில் வாழ்பவர்கள். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே, சென்னைக் கடற்கரையிலிருந்து சாலைவழி சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நகரம் இது. தனித்தனியே மறுமொழி எழுதத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். கேள்வியே பாதி வழியில் தொடங்குகிறது என்று தோன்றியது. ஆகவே இப்பொதுப் பதிவு.

கடைகளில் 'அனிமோன்' எனப்படும் இவ்வுயிர் பூவன்று, விலங்கு. பவளத்துக்கு நெருங்கிய உறவு. கோமாளி மீன்களுக்கு உறைவிடம் தரும் கடற்சாமந்தி இனங்கள் உலகில் பத்தே எனப் பட்டியலிட்டனர் டாப்னி ஃபாட்டினும் ஜெரால்டு ஆலனும். அவற்றின் திசுக்களில் நுண்பாசிகள் குடியிருந்து, ஒளியிலிருந்து உணவாக்கித் தருகின்றன. ஒளி குறைந்தால் விலங்கு பட்டினி கிடக்கும். வெப்பம் மிகுந்தால் பாசிகள் வெளியேறி உடல் வெளிறும். 'வெள்ளை அனிமோன்' என்று விற்கப்படுபவை பெரும்பாலும் இவ்வாறு வெளிறியவையே. கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறமுடையவற்றுள் சில சாயம் ஏற்றப்பட்டவை. நோயின் அடையாளத்தை அழகெனக் கருதிக் கூடுதல் விலை கொடுக்கிறோம்.

சென்ற ஆண்டு எனக்குத் தெரிந்த ஆய்வுக்கூடமொன்றின் வரவேற்பறையில் இப்படியொரு தொட்டி இருந்தது. பெயர் வேண்டாம். மூன்று நாள் விடுமுறையின்போது அங்கிருந்த கடற்சாமந்தி இடம்பெயர்ந்து பம்பின் உறிஞ்சுவாயில் சிக்கிச் சிதைந்தது. அதன் நஞ்சும் அழுகலும் நீரில் கலந்தன. திங்களன்று கதவைத் திறந்தபோது நீர் பால்போல் கலங்கியிருந்தது. மீன்கள் யாவும் மிதந்தன. அன்றைய உரையாடல் முழுவதும் பம்பைப் பற்றியும் வடிகட்டியைப் பற்றியுமே நடந்தது. அவ்வுயிர் எந்தக் கடலிலிருந்து வந்தது என்று அறையில் இருந்த பதினோரு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. அப்பதினொருவரில் நானும் ஒருவன்.

வளர்ப்பு முறை குறித்த குறிப்புகள் எளிதில் கிடைக்கின்றன. தொட்டி குறைந்தது ஆறு மாதம், இயன்றால் ஓராண்டு முதிர்ந்திருக்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே கூடாது. உவர்ப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. வெப்பம் 26 டிகிரியை ஒட்டி. பம்பின் வாய்க்கு வலையோ பஞ்சோ கட்டாயம். ஆவியான நீருக்கு ஈடாக உப்பில்லாத தூயநீர். மின்வெட்டுக்கு மாற்று ஏற்பாடு. இவை அனைத்தும் சரியே. ஆயினும் இவை யாவும் விலங்கு கடைக்கு வந்தபின் தொடங்கும் அறிவு. பாறையிடுக்கில் ஒட்டியிருக்கும் அடித்தட்டு கிழியாமல் அதைப் பெயர்த்தெடுப்பது அரிது. கிழிந்தது பயணத்திலேயே அழுகத் தொடங்கும். அந்தப் பகுதி எந்தக் குறிப்பிலும் இடம்பெறுவதில்லை.

எடுத்த இடத்தில் நேர்வது என்ன? நம் தென்கிழக்குக் கரையில் வாழும் செபே கோமாளி மீன், ஹடோனி எனப்படும் கம்பளக் கடற்சாமந்தியைச் சார்ந்தது. அதன் அடியிலேயே முட்டையிடும். அதன் நிழலிலேயே உயிர் தப்பும். கடற்சாமந்தியைப் பெயர்ப்பது அக்குடும்பத்தின் வீட்டை இடிப்பதற்கு ஒப்பாகும். பிலிப்பைன்சில் நடந்த ஆய்வொன்று 2005இல் வெளிவந்தது: தொட்டி வணிகத்துக்காகச் சேகரிப்பு நடக்கும் பகுதிகளில் கடற்சாமந்திகளும் கோமாளி மீன்களும் குறைவாக இருந்தன.

இது புதிய கதையும் அன்று. 1850களில் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல்களால் இங்கிலாந்தில் கடல்தொட்டி மோகம் பரவியது. அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907இல் எழுதிய தன்வரலாற்றில், சேகரிப்போர் படையெடுத்ததால் தம் இளமைக்காலப் பாறைக்குட்டைகள் வெறுமையாகிவிட்டன என்று வருந்தினார். தந்தை இயற்கையை நேசிக்காதவர் அல்லர், நேசித்தவர்தாம்.

"கடலைவிட என் தொட்டியில் அது நலமாக இருக்கிறது, இரையாக்க எதிரி இல்லை" என்பார் உளர். எடின்பரோவில் ஜான் டாலியல் 1828இல் கொண்டுவந்த ஒரு கடற்சாமந்தி, 'பாட்டி' என்று பெயர் பெற்று, 1887 வரை கண்ணாடிச் சாடியில் வாழ்ந்தது, 59 ஆண்டுகள்! ஆனால் அது அலையிடைப் பாறையில் வாழும் உரமிக்க இனம். கடலும் அருகிலேயே இருந்தது. அப்பாட்டி நமக்கு அளிப்பது சான்றிதழ் அன்று, அளவுகோல். அத்தனை ஆண்டுகள் வாழவல்ல ஓர் உயிர்க்குலத்தைச் சேர்ந்தது நம் வீட்டில் ஆறு மாதத்தில் இறந்தால், முதுமையால் இறந்தது என்று சொல்ல முடியாது.

"சட்டம் தடுக்கவில்லையே" என்பது அடுத்த வாதம். உண்மை, அதுவே நம் வெட்கம். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் பவளங்களும் கடல்விசிறிகளும் கடற்குதிரைகளும் சேர்க்கப்பட்டன, கடற்சாமந்தி சேரவில்லை. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் அதைத் தொடுவது குற்றம். எல்லைக்கு வெளியே அது வெறும் சரக்கு. 2017இல் மைய அரசு வெளியிட்ட மீன்தொட்டிக் கடை விதிகள் கோமாளி மீன் உட்பட 158 இனங்களைத் தடை செய்தன. வணிகர் எதிர்ப்புக்குப் பின் அவையும் திரும்பப் பெறப்பட்டன. சட்டத்தின் மௌனத்தை ஒப்புதலாகக் கொள்வது வணிகருக்குப் பொருந்தலாம், ஆய்வாளருக்குப் பொருந்தாது.

நீரையும் மறக்க வேண்டாம். சுமார் 100 கிலோமீட்டர் அப்பாலிருந்து மேலேற்றப்படும் காவிரி நீரை நம்பியிருக்கும் நகரம் இது. 2024 மார்ச்சில் குடிநீரால் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் தண்டம் என்று அறிவித்த நகரமும் இதுவே. அந்நீரை ஆர்.ஓ. கருவியில் வடித்து, கழிவைச் சாக்கடைக்கு விட்டு, எஞ்சியதில் உப்பைக் கரைத்துக் கடல் செய்கிறோம்.

அப்படியானால் யாருமே வளர்க்கக் கூடாதா? அவ்வாறு சொல்லவில்லை. குமிழ்முனைக் கடற்சாமந்தி தொட்டியிலேயே தானாக இரண்டாகப் பிளந்து பெருகும். இன்னொருவர் தொட்டியில் அவ்வாறு பிறந்த ஒன்றை அவர் கையிலிருந்தே பெற்று வளர்ப்பதில் எனக்கு வழக்கில்லை. கோமாளி மீன் மட்டுமே வேண்டுமெனில் கடற்சாமந்தியே தேவையில்லை. மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நம் அறிஞர்கள் அம்மீனைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்வித்துக் காட்டியுள்ளனர். அவ்வாறு பிறந்த மீன் கடற்சாமந்தி இல்லாமலே தொட்டியில் நலமாக வாழும். ஏற்கெனவே வைத்திருப்போர் மேற்சொன்ன விதிகளைக் கடைப்பிடித்து அதை இறுதிவரை காக்கட்டும். காக்க இயலாதபோது ஏரியிலோ கடலிலோ விடாமல், முதிர்ந்த தொட்டியுள்ள ஒருவரிடம் ஒப்படைக்கட்டும்.

கல்வி நிறுவனங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: பிறப்பிடம் அறியாத கடலுயிரை அழகுக்காக வாயிலில் வைக்காதீர்கள். மாதிரி ஒன்றை எங்கே, எப்போது, யார் எடுத்தார் என்று குறிக்காத ஆய்வேட்டை நாம் ஏற்பதில்லை. வரவேற்பறைக்கு மட்டும் அந்நெறி ஏன் தளர வேண்டும்?

மாற்றுக் கருத்துடையோர் சான்றுகளோடு வருக. வருமுன் ஒரு கேள்விக்கு மட்டும் விடையைத் தேடிக்கொண்டு வருக: உங்கள் தொட்டியில் இருப்பது எங்கே பிறந்தது?