‘மேட்டுக்குப் போ’ என்றால் போதுமா?

ஆடி, ஆவணியில் கொள்ளிடம் பெருகும். ஐப்பசி, கார்த்திகையில் மருதையாறும் வெள்ளாறும் பெருகும். எந்த ஆறு பெருகினாலும் பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் கரையோரத் தெருக்களுக்கு ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று வரும். “தாழ்வான பகுதியில் குடியிருப்போர் உடனே பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள்” என்று சொல்லும். தெருவை இரண்டு தடவை சுற்றும். பிறகு போய்விடும். சர்க்காரின் கடமை அத்துடன் முடிந்தது!

வெள்ளம் வடிந்த பிறகு அதிகாரிகள் வருவார்கள். “நாங்கள் எவ்வளவோ சொன்னோம், ஜனங்கள் கேட்கவில்லை. பிடிவாதக்காரர்கள்” என்பார்கள். குடிசையை இழந்தவன் தலையிலேயே குற்றமும் ஏற்றப்படும்.

இந்தப் பழியை நாம் ஏற்க மறுக்கிறோம். ஆற்றின் குணம் அதன் கரையில் நாற்று நடுகிறவனுக்குத் தெரியாதா? தெரியும். அப்படியானால் அவன் ஏன் கடைசி நேரம் வரை குடிசையை விட்டு நகர்வதில்லை? இதைக் கேட்க எந்த அதிகாரியாவது அந்தக் குடிசை வாசலில் உட்கார்ந்தது உண்டா?

விவசாயத் தொழிலாளியின் வீட்டில் என்ன இருக்கிறது? ரேஷன் அரிசி ஒரு மூட்டை. இரண்டு ஆடு. கடனில் வாங்கிய ஒரு கறவை மாடு. நாலு பாத்திரம், பிள்ளைகளின் புத்தகம். ஆலைத் தொழிலாளியின் வீட்டில் தவணை முடியாத ஒரு மோட்டார் சைக்கிளும் தையல் மெஷினும் கூடுதலாக இருக்கலாம். மாடி வீட்டுக்காரர் வெள்ளம் வந்தால் சாமானைக் கீழிருந்து மேலே ஏற்றிக்கொள்வார். நமக்கு மேலே இருப்பது கூரை ஒன்றுதான். அதுவும் ஓலைக் கூரை.

ஆட்டை விட்டுவிட்டுப் போனால் ஆடு போகும், கடன் போகாது. முகாம் என்று சொல்லும் பள்ளிக்கூடத்தில் மாட்டுக்கு இடமில்லை. ‘குட்டி யானை’ வண்டி ஒன்றைப் பிடித்துச் சாமானை ஏற்றலாம் என்றால், வெள்ள நாளில் அதன் வாடகை என்ன என்று கேட்டுப் பாருங்கள்! சாமான் கட்ட ஒரு நாள் நின்றால் அன்றையக் கூலி போச்சு. ஷிப்டுக்குப் போகாவிட்டால் சம்பளம் பிடிப்பு. ஆகவே, “இன்னும் கொஞ்சம் பார்ப்போம், தண்ணீர் ஏறாமலும் போகலாம்” என்று அவன் காத்திருக்கிறான். இதற்குப் பெயர் அறியாமையா? வறுமை போட்டுவைத்த கணக்கு இது!

அவகாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அந்தத் தண்ணீர் ஒரு நொடியில் அரியலூருக்கு வந்துவிடவில்லை. ஈரோடு, கரூர், முக்கொம்பு எல்லாம் கடந்துதான் திருமழபாடிக்கும் திருமானூருக்கும் வந்து சேர வேண்டும். மேட்டூரில் மதகு திறந்ததுமே கணக்குத் தெரியும். இத்தனை மணி நேரத்தில் இந்தக் கரைக்கு இவ்வளவு தண்ணீர் என்று இன்ஜினீயர்கள் சொல்லிவிடலாம். அந்த மணி நேரங்களில் லாரிகள் வந்து நின்றால் ஒரு தெருவையே சாமானோடும் ஆடு மாட்டோடும் மேட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். நேரம் இருக்கிறது. வண்டிதான் இல்லை!

மருதையாற்றின் கதை வேறு. அது பச்சைமலையில் பிறக்கிறது. மலையில் பெய்த மழை மளமளவென்று இறங்கிவிடுகிறது. 1956 நவம்பர் 23 அதிகாலையில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூருக்கு அருகே அந்த ஆற்றுப் பாலத்தில் சரிந்ததை நம் ஜில்லாக்காரர்கள் மறந்துவிடவில்லை. வெள்ளம் பாலத்தைப் பலவீனப்படுத்திவிட்டது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். அந்தப் பண்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. நாம் கேட்பது இதுதான்: ரயில் கவிழ்ந்தால் ஒரு மந்திரி பதவி விலகினார், கரையோரத்துச் சுவர் இடிந்து இரவில் ஒரு குடும்பம் புதைந்தால், அதற்குப் பொறுப்பேற்க ஒரு தாசில்தாராவது உண்டா?

வண்டிக்கு எங்கே போவது என்று கேட்கிறார்களா? அரியலூர் ஜில்லாவில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்க வெட்கப்பட வேண்டும்! சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கும் சிமெண்ட் ஆலைக்கும் இடையே இரவு பகலாக ஓடும் லாரிகளின் புழுதியில்தான் இந்த ஜில்லா மூச்சு விடுகிறது. கரும்புக் காலத்தில் சர்க்கரை ஆலை வாசலில் லாரியும் டிராக்டரும் வரிசை கட்டி நிற்கின்றன. கல்லுக்கு வண்டி உண்டு. கரும்புக்கு வண்டி உண்டு. அந்தக் கல்லை உடைத்தவனும் கரும்பை வெட்டியவனும் பிள்ளை குட்டியோடு உயிர் பிழைக்க வண்டி இல்லையா?

சட்டத்தில் இடமில்லை என்ற சாக்கும் செல்லாது. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 65வது பிரிவைப் பிரித்துப் பார்க்கட்டும். மீட்புப் பணிக்குத் தேவையானால் எவருடைய வாகனத்தையும் கட்டிடத்தையும் எடுத்துக்கொள்ள, கலெக்டர் தலைமையில் உள்ள ஜில்லாப் பேரிடர் அமைப்புக்கு அது அதிகாரம் தருகிறது. 66வது பிரிவு, அப்படி எடுத்த வண்டிக்கு உரிய ஈட்டுத்தொகை தர வேண்டும் என்கிறது. லாரி முதலாளிக்கும் நஷ்டம் கிடையாது. மக்களை வெளியேற்றும் செலவுக்குப் பேரிடர் நிதியின் விதிகளிலும் இடம் இருக்கிறது. சட்டமும் இருக்கிறது, நிதியும் இருக்கிறது. ஏழை வீட்டுச் சாமானும் சாமான்தான் என்ற எண்ணம் மட்டும் இல்லை!

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு மாநில சர்க்கார் நிவாரணம் அறிவித்தது. சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய். செத்த மாட்டுக்கு 37,500. செத்த ஆட்டுக்கு 4,000. கொடுத்தது சரிதான். அது நம் உரிமை. ஆனால் செத்த ஆட்டுக்கு விலை போடத் தெரிந்த நிர்வாகத்துக்கு, உயிரோடு நிற்கும் ஆட்டை ஏற்றிச் செல்ல ஒரு லாரி அனுப்பத் தெரியாதா?

“ஆற்றோரத்தில் ஏன் குடியிருக்கிறீர்கள்?” என்று சிலர் புத்திமதி சொல்கிறார்கள். மேட்டு நிலம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று அவர்கள் பட்டாப் புத்தகத்தைப் பார்க்கட்டும்! மண்வெட்டியைத் தவிர வேறு சொத்தில்லாதவன், வேறு எவரும் வேண்டாம் என்று விட்ட இடத்தில்தான் குடிசை போட முடியும். பண்ணை நிலத்தில் குடியிருந்த தொழிலாளிக்கு மனையைச் சொந்தமாக்க 1971இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. ஆற்றுப் புறம்போக்கிலும் ஓடைக்கரையிலும் ஒதுங்கியவனுக்கு அது உதவவில்லை. நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கிடையாது என்கிறார்கள். ஆற்றை மறித்துக் குடியிருப்பதற்கு நாமும் பட்டா கேட்கவில்லை. மேட்டில் மனை கொடு, அங்கே பட்டா கொடு, அதன் பிறகு குடிசையைக் காலி செய்யச் சொல் என்றுதான் கேட்கிறோம். இப்போது நடப்பது என்ன? வெள்ளத்தின்போது குடிசையை விட்டுப் போனால், திரும்பி வரும்போது அந்த இடத்தில் மறுபடி கீற்றுப் போட விடுவார்களா என்ற பயம்! தண்ணீரைவிட இந்தப் பயம்தான் பலரைக் கரையில் கட்டிப் போட்டிருக்கிறது.

இன்னொரு கொடுமையையும் மறைக்க வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் ஜில்லாவில் நிவாரண முகாம்களிலேயே தலித் மக்கள் ஒதுக்கப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. முகாமில் ஊர்த்தெருவுக்கு ஒரு பந்தி, சேரிக்கு ஒரு பந்தி என்றால், மானமுள்ளவன் நனைந்த குடிசையே மேல் என்றுதான் நினைப்பான். எல்லோருக்கும் ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே குடிநீர்க் குழாய். இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

கோரிக்கைகள் ஒரு பக்கம் இருக்க, நம் உயிரை நாமே காத்துக்கொள்ளும் வேலையும் இருக்கிறது. மழைக்கு முன்பே தெருவாரியாகக் கூடிப் பேச வேண்டும். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் கைக்குழந்தை, நடக்க முடியாத கிழவர், படுத்த நோயாளி என்று ஒரு ஜாபிதா எழுதுங்கள். முதல் வண்டி அவர்களுக்கு. அடுத்தது பட்டா, ரேஷன் கார்டு, ஆதார், பாங்கிப் புத்தகம். இவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒருவர் பொறுப்பில் விடுங்கள். அடுத்தது அரிசியும் ஆடு மாடும். பாத்திரம் பண்டம் கடைசி.

பகலிலேயே கிளம்ப வேண்டும். காற்று ஓங்கிய பிறகு சாமான் தூக்கக் கூடாது; பறந்து வரும் தகரம் ஆளை வெட்டிவிடும். புறப்படுமுன் மின்சார மெயினை நிறுத்துங்கள். காஸ் சிலிண்டரை மூடுங்கள். கொண்டுபோக முடியாத மாட்டைக் கட்டிவைக்காமல் அவிழ்த்து விடுங்கள். அது நீந்திப் பிழைக்கும். லாரியில் சாமான் மேல் ஆளை ஏற்றாதீர்கள். தாழத் தொங்கும் மின்கம்பி மழை நாளில் எமன். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் இறங்கவே வேண்டாம். முழங்கால் அளவு ஓடும் தண்ணீர் ஆளைச் சாய்த்துவிடும். இரண்டு அடி ஓடினால் வண்டியையே இழுத்துப் போகும். தண்ணீர் நிரம்பிய கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குழிகளின் ஓரமாகக் குறுக்கு வழி போகாதீர்கள்; இருட்டில் கரை தெரியாது. மழை விட்டதும் மண்சுவர் வீட்டுக்குள் ஓடிப் படுக்காதீர்கள். ஊறிய சுவர் வெயில் அடித்த பிறகும் விழும்.

இவ்வளவையும் நாம் செய்வோம். ஆனால் நாம் செய்வதைக் காட்டி அவர்கள் தப்பிக்க விடமாட்டோம். நம் கோரிக்கைகள் நான்கு:

வெள்ள எச்சரிக்கை ஜீப்புக்குப் பின்னாலேயே சாமான் ஏற்றும் லாரிகளும் வர வேண்டும். எந்தத் தெருவுக்கு எத்தனை லாரி என்பது மழைக்கு முன்பே பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் எழுதப்பட வேண்டும்.

முகாமில் ஆடு மாட்டுக்குக் கொட்டகையும் தீவனமும் வேண்டும்.

வெளியேற உத்தரவிடும் நாட்களுக்குக் கூலி வேண்டும். ஆலைகளில் அந்த நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது.

கரையோரக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் மேட்டில் பட்டாவோடு மனை வேண்டும்.

தோழர்களே! கிராமந்தோறும் கூடுங்கள். ஆலை வாயிலில் பேசுங்கள். இந்த நான்கையும் மகஜராக எழுதி, கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, மழைக்கு முன்பே கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாகக் கொண்டுபோங்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று கேட்பதைவிடக் காய்ந்த தரையில் நின்று கேட்பது நமக்கு நல்லது. அவர்களுக்கும் அதுவே நல்லது!