டீக்காசும் மூன்றரை வட்டியும்

சம்பளம் வரும் வாரம் வந்தால் போதும், கைப்பேசித் திரையில் சிக்கன உபதேசிகள் வரிசைகட்டி நின்றுவிடுகிறார்கள். இப்போது சுற்றில் இருப்பது டீக்கணக்கு. நாளைக்கு இரண்டு டீ, ஒன்று 15 ரூபாய், மாதம் 900, வருஷம் 10,800, இதையே இருபது வருஷம் மியூச்சுவல் ஃபண்டில் போட்டிருந்தால் எத்தனை லட்சம் தெரியுமா என்று கோட் போட்ட தம்பி ஒருவர் கண்ணை உருட்டிக் கேட்கிறார். கிரெடிட் கார்டு கடனில் மூழ்குகிறவர்கள் எல்லாம் இப்படிச் சில்லறைச் செலவை அடக்கத் தெரியாதவர்கள்தான் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். சிறுதுளி பெருவெள்ளம் என்று பள்ளிக்கூடச் சுவரில் படித்து வளர்ந்த நாமும் தலையாட்டிவிட்டு அடுத்த நாலு பேருக்கு அனுப்பிவைக்கிறோம். சரக்கும் உள்ளூர்ச் சரக்கில்லை. அமெரிக்காவில் டேவிட் பாக் என்பவர் 'லாட்டே ஃபேக்டர்' என்று பெயர் வைத்து, காபிக் காசைச் சேர்த்தே செல்வந்தர் ஆகலாம் என்று புத்தகம் புத்தகமாக எழுதி விற்றதுதான் இங்கே கண்ணாடிக் கிளாஸில் ஊற்றித் தரப்படுகிறது. டீ குடித்தவன் கடனாளி, குடிக்காதவன் கோடீஸ்வரன் என்பதுதான் பொருளாதாரம் என்றால் ரிசர்வ் வங்கியை மூடிவிட்டு ஊருக்கு ஒரு டீக்கடை மேற்பார்வையாளரை நியமித்துவிடலாம்.

சரி, உபதேசத்தை அப்படியே கேட்டு டீயை விட்டுவிட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய கார்டு பில் 50,000 ரூபாய். முழுசாகக் கட்டக் கையில் இல்லை. பில்லில் இரண்டு தொகைகள் இருக்கின்றன. ஒன்று மொத்தப் பாக்கி, இன்னொன்று குறைந்தபட்சம் கட்டவேண்டிய மினிமம் டியூ. வங்கிக்கு வங்கி சூத்திரம் மாறும். 5 சதவீதம் என்றே வைத்துக்கொண்டால் 2,500 ரூபாய். கட்டிவிட்டார். அபராதம் இல்லை, வசூல்காரர் போன் இல்லை, சிபிலில் தவணை தவறிய பதிவு இல்லை, நிம்மதி. ஆனால் மாதம் மூன்றரை சதவீதம் என்ற கணக்கில் வட்டி 1,750. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 315. ஆக 2,065 ரூபாய் அப்படியே போய்விட, அசலில் கழிந்தது 435 ரூபாய். புதிதாக ஒரு பைசாகூடத் தேய்க்காமல் பன்னிரண்டு மாதம் இதே மாதிரி ஒழுங்காகக் கட்டினால், கையை விட்டுப் போனது சுமார் 28,600 ரூபாய், பாக்கி இன்னும் ஏறக்குறைய 45,000. அந்த வருஷத்தில் டீயை விட்டதால் மிச்சம் 10,800. வட்டியிலும் வரியிலும் கரைந்தது 23,600. முதல் மாதம் வட்டியிலும் வரியிலும் போன காசில் மட்டும் வீட்டில் இரண்டு பேர் மாதம் முழுவதும் இரண்டு வேளை டீ குடிக்கலாம், அவ்வப்போது வடையும் சேர்த்துக்கொள்ளலாம். நம் ஆளோ வடையும் இல்லாமல் டீயும் இல்லாமல் தலைவலியோடு உட்கார்ந்திருக்கிறார்.

இதையே தெருவில் புழங்கும் கணக்கில் சொன்னால் மூன்றரை வட்டி. ஊரில் ஒருவர் மூணு வட்டிக்குக் கொடுக்கிறார் என்றால் அவருக்கு நாம் வைக்கும் பெயர் வேறு. அவர் வீட்டு விசேஷத்துக்குக்கூடத் தயங்கித்தான் போவோம். கந்துவட்டியையும் மீட்டர் வட்டியையும் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இல் தனிச் சட்டமே வந்தது. அதே வட்டியைக் குளிர்சாதன அறையிலிருந்து, பளபளக்கும் அட்டை வழியாக வாங்கினால் அது 'நிதிச் சேவை'. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008இல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வட்டியைப் பார்த்துக்கொள்வது ரிசர்வ் வங்கியின் வேலை, அட்டைதாரர்களுக்கு நிபந்தனைகள் முன்கூட்டியே தெரிவிக்கப்படுகின்றன என்பவை காரணங்கள். சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். ஆண்டுக்கு 42 சதவீதம் வாங்குகிற இடத்தை விட்டுவிட்டு, 15 ரூபாய் கிளாஸைப் பிடித்திருக்கிறவன் கையில் பிரம்பால் அடிக்கிற உபதேசத்துக்கு மட்டும் எந்த நியாயமும் கிடையாது.

வரவுக்கு மேல் தேய்த்தவன்தானே மாட்டிக்கொள்கிறான், ஊதாரிக்கு என்ன வக்காலத்து என்று கேட்பார்கள். ஊதாரிகள் இருக்கிறார்கள், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கும், காப்பீடு ஏற்காத ஆஸ்பத்திரி பில்லுக்கும் தேய்த்தவனும் அதே மூன்றரை வட்டிதான் கட்டுகிறான். வட்டிக்கு ஆள் பார்க்கத் தெரியாது. பாக்கி வைத்துவிட்டால் வட்டியில்லாக் காலம் என்ற சலுகையே ரத்தாகி, அதற்குப் பிறகு வாங்குகிற துவரம்பருப்புக்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். டீயை விட்ட நம் ஆளுக்கு இதை யாராவது சொன்னார்களா? அவர் மளிகைக்கடையில் அரைக்கிலோவைக் கால்கிலோவாகக் குறைத்துக்கொண்டிருக்கிறார், வட்டி தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது.

அவருக்கு வழி இருந்தது, பீரோவிலேயே இருந்தது. வங்கியில் நகைக்கடன் ஆண்டுக்கு 9, 10 சதவீதம், அதாவது மாதம் முக்கால் வட்டி, மிஞ்சினால் ஒரு வட்டிக்குள். 50,000 ரூபாய்க்கு மாதம் 400 ரூபாய்ச் சொச்சம், விட்ட டீக்காசில் பாதி. இரண்டு வளையலைக் கொண்டுபோய் வைத்துக் கார்டை அடைத்திருந்தால் மறுநாளே நிமிர்ந்திருக்கலாம். செய்ய மாட்டார். நகையை அடகு வைத்தால் மானம் போய்விடும். நாலு பேர் பார்க்க முக்கால் வட்டி கட்டுவது கேவலம், யாருக்கும் தெரியாமல் மூன்றரை வட்டி கட்டுவது கௌரவம். இந்தக் கௌரவத்துக்கு ஆகும் செலவை எந்தச் சிக்கன உபதேசியும் கூட்டிப் பார்த்ததில்லை, ஏனென்றால் அது டீக்கடையில் நடப்பதில்லை.

இந்த உபதேசிகளில் பலர் டீயைத் திட்டி முடித்த கையோடு அடுத்த காணொளியில் எந்தக் கார்டுக்கு விமான நிலைய லவுஞ்ச் இலவசம் என்று பட்டியல் போடுவது தனி வேடிக்கை. வருஷத்துக்கு ஒருமுறை பறக்கிறவனுக்கு ஓர் இட்லித் தட்டைக் காட்டி லட்ச ரூபாய் தேய்க்கவைக்கிறார்கள். இந்தக் கூட்டத்தின் இன்னொரு செல்லப்பிள்ளை 'நோ காஸ்ட் இஎம்ஐ'. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லிவிட்டது. பெயரை மாற்றிக்கொண்டு அது இன்னும் விற்கிறது. ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கக்கூடிய தள்ளுபடி கிடைக்காது, செயலாக்கக் கட்டணம் தனி, வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி தனி. காஸ்ட் இல்லை என்றவர்கள் எதற்கு இல்லை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் கார்டை வெட்டிக் குப்பையில் போடச் சொல்கிறாயா என்றால், அதுவும் இல்லை. முழுத் தொகையையும் தேதிக்குள் கட்டுகிறவருக்கு 45, 50 நாள் வரை வட்டியில்லாமல் பணம் புழங்குகிறது. அவர் நாளைக்கு நாலு டீ குடித்தாலும் ஒன்றும் ஆகாது. சிக்கனம் வேண்டுமென்றால் அதைச் செய்யவேண்டிய இடம் கார்டு செயலியின் ஆட்டோ டெபிட் பக்கம். மினிமம் டியூவா, மொத்தப் பாக்கியா என்று அங்கே ஒரு கேள்வி இருக்கும். அதில் எதைத் தொடுகிறோம் என்பதில் போகிற பணம் இருபது வருஷ டீக்கடைக் கணக்கிலும் போகாது. மினிமம் மட்டும் கட்டினால் கடன் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீளும் என்ற எச்சரிக்கையைப் பில்லில் அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022 விதிமுறைகளில் சொன்னது. அதுவும் ஒப்புக்கு ஒரு வரியாக எங்கோ கிடக்கிறது. அமெரிக்காவில் 2009இல் வந்த சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், மினிமம் மட்டும் கட்டினால் இந்தக் கடன் தீர எத்தனை காலம், மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பீர்கள், மூன்றே வருஷத்தில் தீர்க்க மாதம் எவ்வளவு கட்டவேண்டும் என்று அவரவர் பாக்கியைப் போட்டே பில்லில் காட்டச் சொல்கிறது. இந்த மாதம் எத்தனை ரிவார்டு பாயிண்ட் சேர்ந்தது என்று கடைசி இலக்கம்வரை அச்சிடத் தெரிந்த நம் ஊர்ப் பில்களுக்கு இந்தக் கணக்கு மட்டும் போடத் தெரியாதா?