சுவார்ட்ஸ் நினைவுக் கற்களும் தமிழ்க் கல்வெட்டாய்வின் எல்லையும்

1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சையில் மறைந்த செருமானிய மறைப்பணியாளர் கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்சுக்கு மூன்று நினைவுக் கற்கள் உண்டு. ஒன்று தஞ்சையில் உள்ள கல்லறைக் கல். மற்றொன்று சிவகங்கைக் கோட்டைத் தேவாலயத்தில், இரண்டாம் சரபோஜி இலண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்த சலவைக்கல் புடைப்புச் சிற்பம். மூன்றாவது சென்னைக் கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவியது. மூன்றின் மொழியும் ஆங்கிலம். அதனாலேயே தமிழ்க் கல்வெட்டாய்வு இவற்றைப் பெரும்பாலும் தனக்குப் புறம்பானவையாக ஒதுக்கியுள்ளது. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் வெளியிட்ட கல்லறைக் கல்வெட்டுப் பட்டியல் போன்ற நூல்களில் இத்தகைய கற்களைத் தேடுவோரும் பெயர், பதவி, இறந்த நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு நின்றுவிடுகின்றனர். இவ்வொதுக்கம் மறுபரிசீலனைக்குரியது.

கம்பெனியின் கல் சுவார்ட்சை அரசுக்கு உதவிய நல்லோராகக் காண்கிறது. போர்க்காலத்திலும் ஐதர் அலி அவரைத் தடையின்றிச் செல்லவிடப் பணித்த செய்தியை அது எடுத்துரைக்கிறது. கல்லறைக் கல்லில் உள்ளதோ சரபோஜி இயற்றியதாகக் கொள்ளப்படும் சிறு செய்யுள். அது இறந்தவரை முன்னிலைப்படுத்தி விளித்து, தந்தையென அழைத்து, ஆதரவற்றோர்க்கும் கைம்பெண்டிர்க்கும் அவர் துணையானதைச் சொல்லி, மன்னர் தம் பெயரையே இறுதியில் பதித்து முடிகிறது. கையறுநிலைப் பாடல்களில் பழகியவர்க்கு இவ்விளி புதிதன்று. ஆனால் புரவலனை இழந்த புலவன் புலம்பும் இடத்தில், இங்கே ஆசிரியரை இழந்த அரசன் நிற்கிறான். இதனைத் தமிழ் மரபின் தாக்கம் என்று கூறச் சான்றில்லை, கூறவும் வேண்டியதில்லை. ஒப்பிட்டு நோக்கத்தக்கது என்பதே போதும்.

ஆங்கிலத்தைத் தேர்ந்தது அதிகாரத்துக்குப் பணிந்த செயல் மட்டும்தானா? இதே மன்னர் 1803இல் பெரிய கோயிலில் போன்சலே மரபின் வரலாற்றை மராத்தியில் நெடிய கல்வெட்டாகப் பொறித்தார். இவரையே பாட்டுடைத் தலைவராக்கிச் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைத் தமிழில் பாடினார். கோயிற்சுவரில் மராத்தி, அரங்கில் தமிழ், தேவாலயத்தில் ஆங்கிலம் என, கேட்போர் யார் என்பதைக் கொண்டே மொழி அமைந்ததாகத் தெரிகிறது. சுவார்ட்சின் பாதுகாப்பில் வளர்ந்து ஆங்கிலக் கல்வி பெற்றவர் அவர். அம்மொழியிலேயே விடைதந்தது மாணாக்கன் செய்த கடமையாகவும் கொள்ளத்தக்கது. மராத்திக் கல்வெட்டு தஞ்சை வரலாற்றாய்வில் இடம்பெறுகிறது. அதே கரங்களின் ஆங்கிலக் கல்லுக்கு மட்டும் இடமில்லை என்பதற்குத் தக்க காரணம் காட்டப்படவில்லை.

இத்தகைய கற்களைப் பதிவுசெய்வோர் வாசகத்தோடு, கல்லை நிறுவியவர், அது விளிக்கும் வாசகர், தேவாலயத்துள் அது நிற்கும் இடம் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். சிற்பத்தையும் வாசகத்தோடு சேர்த்தே படித்தல் வேண்டும். பிளாக்ஸ்மனின் சலவைக்கல்லில் படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையை மன்னர் பற்றியிருக்கிறார். அருகே பள்ளிச் சிறுவர் சிலர் நிற்கின்றனர். அச்சிறுவர்க்குக் கல்லில் பெயரில்லை.