சதவிகிதத்தைப் பார்த்து ஆசிட் வாங்காதீங்க மக்கா!

எங்க வகுப்புல இப்ப பாதிப் பேர் பையில கால்குலேட்டர் இருக்கோ இல்லையோ, ஒரு சின்ன ஆசிட் பாட்டில் இருக்கு. கிளைக்காலிக், லாக்டிக், சாலிசிலிக். "உன்னுது 5 தானா? என்னுது 10"ன்னு பெருமை வேற. இந்தப் பெருமையைத்தான் இன்னிக்குக் கொஞ்சம் கிழிக்கலாம்னு உட்கார்ந்தேன்.

பாட்டில்ல போட்டிருக்கிற சதவிகிதம் வெறும் விற்றுமுதல்தாங்க. நிகர லாபம் என்னன்னு சொல்றது பி.எச். கிளைக்காலிக் அமிலம் பி.எச். 3.8-ல இருந்தா அதுல பாதிதான் தோலுக்குள்ள வேலை செய்யற நிலையில இருக்கும். பி.எச். 6 ஆயிட்டா நூத்துல ஒரு பங்குகூட தேறாது. அந்த '10 சதவிகிதம்' வெறும் காஸ்ட்லி தண்ணி! ரொம்பக் குறைஞ்சாலோ தோல் வெந்துடும். அமெரிக்காவுல காஸ்மெடிக் பொருட்களை ஆராயற நிபுணர் குழு 1998-லயே சொல்லிடுச்சு: வீட்டு உபயோகத்துக்கு 10 சதவிகிதத்துக்கு மேல போகக்கூடாது, பி.எச். 3.5-க்குக் கீழ இறங்கக்கூடாது, வெயில் பாதுகாப்பு வேணும். நம்ம கடையில இருக்கிற எத்தனை பாட்டில்ல பி.எச். போட்டிருக்கு? எடுத்துத் திருப்பிப் பாருங்க.

"கெமிக்கலே வேணாம், எலுமிச்சம்பழம் தேய்"னு சொல்ற கோஷ்டிக்கு: எலுமிச்சையில இருக்கிறதும் சிட்ரிக் அமிலம்தான் சாமி. பி.எச். 2-லேர்ந்து 3-க்குள்ள. அளவும் கிடையாது, லேபிளும் கிடையாது. அந்தச் சாறோட வெயில்ல போனா கொப்புளம் வந்து கறுப்புத் தழும்பே விழலாம். இயற்கைன்னா சாதுன்னு யார் சொன்னது?

என் கதையும் இருக்கு. அக்கா கல்யாணத்துக்கு முகம் பளிச்சுனு ஆகணும்னு தினமும் ராத்திரி கிளைக்காலிக், காலையில சாலிசிலிக் ஃபேஸ்வாஷ். எரிஞ்சுது. "எரிஞ்சாத்தான் வேலை செய்யுது"ன்னு கடைக்காரர் சொன்னதை நம்பினேன். பத்தாம் நாள் கன்னம் உரிஞ்சு, அப்புறம் கறுத்துது. அது மங்க ஆறு மாசம். கல்யாண ஆல்பத்துல நான் பக்கவாட்டுல மட்டும்தான் தெரிவேன் :-) நம்ம மாதிரி மாநிறம், கறுப்புத் தோல்ல காயம் ஆறினாலும் கறை சுலபமா நின்னுடும்னு அப்புறம்தான் டாக்டர் சொன்னார்.

சரி, எப்படித்தான் போடறது? எண்ணெய் வழியுது, கரும்புள்ளி இருக்குன்னா சாலிசிலிக் 2 சதவிகிதம் போதும். அது எண்ணெயில கரையும், அதனால துவாரத்துக்குள்ள போகும். வறண்ட, சொரசொர தோலுக்கு லாக்டிக் 5. ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு. வாரத்துல ரெண்டு ராத்திரி. முதல்ல தாடைக்குக் கீழ சின்ன இடத்துல போட்டுப் பார்க்கணும். காலையில சன்ஸ்கிரீன் கட்டாயம், நிறுத்தின பிறகும் ஒரு வாரம். அந்த ஒரு வாரக் கணக்கை 2005-லயே அமெரிக்க எஃப்.டி.ஏ. லேபிள்ல போடச் சொல்லியிருக்கு. சன்ஸ்கிரீனுக்குக் காசு இல்லைன்னா ஆசிட்டும் வாங்காதீங்க. ரெண்டும் சேர்ந்துதான் ஒரு செலவு.

கடைசியா, முக்கியமா: இது சிவப்பாக்காது. செத்த செல்லை உதிர்க்கும், அவ்வளவே. பொறந்த நிறம் உள்ளேயிருந்து வருது. 'ஃபேர்'ங்கிற வார்த்தையை 2020-ல க்ரீம் டப்பாவுலேர்ந்து எடுத்துட்டு, அதே ஆசையை இப்ப 'க்ளோ'ன்னு விக்கறாங்க. வழவழப்பு வேணும்னா வாங்குங்க. நிறத்துக்காக வாங்கினா அது நஷ்டக் கணக்கு.

பி.கு: ஏற்கெனவே டாக்டர் எழுதின முகப்பரு மருந்து போடறவங்களும், கர்ப்பமா இருக்கிறவங்களும் டாக்டரைக் கேக்காம பாட்டிலைத் திறக்காதீங்க.